பழைய வண்டிக்கு உகந்த பாதை

மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் புறப்படுவோர் முதலில் கேட்பது, "எந்தப் பாதை கிட்டியது?" என்பதாகும். புதிய வண்டி உடையோர்க்கு அந்தக் கேள்வி போதும். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்த வண்டியை உடையோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எந்தப் பாதை இவ்வண்டிக்கு இலேசானது?" கிட்டிய பாதையும் இலேசான பாதையும் எப்போதும் ஒன்றாவதில்லை.

இலங்கையில் இக்கேள்வி வீணானதன்று. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் இன்னமும் நம் வீதிகளில் ஓடுகின்றன. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியைப் பேணுவதன்றி வேறு வழி பல குடும்பங்களுக்கு இருக்கவில்லை. அத்தகைய வண்டியொன்றிலே முதியோரும் குழந்தைகளுமாக ஒரு குடும்பம் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்குடும்பம் எவ்வழியைத் தெரிந்தெடுத்தல் நன்று?

முதலில் வண்டியின் இயல்பை அறிதல் வேண்டும். பழைய வண்டிக்குப் பகைகள் இரண்டு. ஒன்று ஏற்றம், மற்றது இறக்கம். ஏற்றத்தில் வண்டி தாழ்ந்த கியரில் மெல்ல ஊர்கிறது. இயந்திரமோ விரைந்து சுழல்கிறது. வெப்பம் மிகுகிறது, அதனைத் தணிக்கும் காற்றோ குறைகிறது. ரேடியேற்றரில் நீர் கொதிக்கத் தொடங்குகிறது. இறக்கத்தில் ஆபத்து பிறேக்கிலே உள்ளது. மொறிஸ் மைனரின் நான்கு சில்லுகளிலும் உள்ளவை உருளை வடிவான பழைய பிறேக்குகள். நெடிய இறக்கத்தில் இடைவிடாது மிதித்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்குக என்று மூத்த சாரதிகள் சொல்வது இதனாலேயாம்.

இவ்விரு பகைகளும் ஒருங்கே நிற்குமிடம் கண்டி வழியிலுள்ள கடுகண்ணாவைக் கணவாய். குருநாகல் வழி அதனினும் இலேசானது. ஆயினும் அம்பேபுசை வரை கண்டி வீதியின் நெரிசலையும் மேடு பள்ளங்களையும் தாங்கியாதல் வேண்டும். மூன்றாவது வழியே கரையோர வழி. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் சென்று, அங்கே கிழக்கே திரும்பி அனுராதபுரம் அடைந்து, பின் வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியே யாழ்ப்பாணம் சேர்வது. தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வழிநெடுக மலையேற்றம் இல்லை.

மாஓயாவைக் கடந்ததும் புத்தளம் மாவட்டம் தொடங்குகிறது. வென்னப்புவ, மாரவில, மாதம்பை என்று தென்னந்தோப்புகளிடையே வீதி சமதரையாக ஓடுகிறது. ஒல்லாந்தர் கொழும்பிலிருந்து புத்தளம் வரை படகுப் போக்குவரத்துக்கு வாய்க்கால் வகுத்தது இக்கரையோரத்திலேதான். வாய்க்கால் ஓடும் நிலம் சமநிலமன்றோ? அன்று படகுக்கு உதவிய அந்த நில அமைப்பே இன்று பழைய வண்டிக்கு உதவுகிறது.

இவ்வழியில் இன்னொரு நன்மையும் உண்டு. சிலாபம் வரை ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. நீர் வேண்டினும், நிழல் வேண்டினும், கராஜ் வேண்டினும் தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊர்களே நெரிசலுக்கும் காரணம். நின்று நின்று செல்லும் வண்டியும் ஏற்றத்தில் ஊரும் வண்டியைப் போலவே சூடேறும். 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேக வீதி நெரிசலைத் தவிர்க்கும் என்பது உண்மையே. எனினும் விரைந்தோடும் வாகனங்களிடையே பழுதுபட்டு நிற்பது பேராபத்து. அதிகாலை ஐந்து மணிக்குப் பழைய வீதியிலே புறப்படுவது அதனினும் மேல். ஏழு மணியளவில் சிலாபத்தை அடையலாம். அங்கே வண்டியும் ஆறும், பயணிகளும் இளைப்பாறுவர்.

சிலாபத்துக்கு வடக்கே தெதுரு ஓயாவைக் கடந்தால் ஊர்கள் அருகுகின்றன. முந்தலும் பாலாவியும் கழிய, உப்பளங்கள் தோன்றுகின்றன. புத்தளத்திலே எரிபொருள், நீர், ரயரின் காற்று ஆகிய மூன்றையும் பார்த்த பின்னரே அப்பாற் செல்லல் வேண்டும்.

புத்தளத்திலேதான் வரைபடம் ஆசை காட்டும். வடக்கே எலுவன்குளம் ஊடாக வில்பத்தைக் கடந்து மன்னாருக்கு நேரே ஒரு கோடு தெரியும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் மன்னாரிலிருந்து பூநகரி வழியே யாழ்ப்பாணம் செல்வதும் எளிதாயிற்று. ஆதலால் அக்கோட்டைப் பின்பற்றினால் என்ன என்று தோன்றலாம். ஆனால் அது 1938இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட காட்டினூடே செல்லும் மண்பாதை. அதனைப் பொதுவீதியாக்குவது பற்றி நெடுங்காலம் வழக்கும் வாதமும் நடந்துள்ளன. மாரியில் கலா ஓயா பெருகினால் எலுவன்குளத்துத் தாழ்பாலம் நீரில் மூழ்கும். கிட்டிய பாதை இலேசான பாதையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, கிழக்கே அனுராதபுர வீதியில் திரும்புக. அதுவும் பகலிலே திரும்புக. கருவலகஸ்வெவப் பக்கம் காட்டு யானைகள் வீதியைக் கடப்பதுண்டு. மங்கிய விளக்குடைய பழைய வண்டி இருளில் அங்கே நின்றுவிட்டால் உள்ளிருப்போர் நிலை யாது?

காலத்தையும் கருதுதல் வேண்டும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது இதே வீதியில் கலா ஓயா பெருக்கெடுத்து, பயணிகள் நிறைந்த பஸ் ஒன்று வெள்ளத்தில் அகப்பட்டது. பயணிகள் பெரும்பாட்டுக்குப் பின் மீட்கப்பட்டனர். பெரிய பஸ்ஸே தத்தளித்த நீரில் சிறிய கார் என் செய்யும்? ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைச் செய்தியைக் கேளாது இவ்வழியில் இறங்கலாகாது. வீதியின் மேல் நீர் ஓடினால் ஆழம் பார்க்க முயலாது புத்தளத்துக்கே மீளுதல் வேண்டும். ஒருநாள் தாமதம் ஒரு நட்டமன்று.

முற்பகல் பதினொரு மணிக்குள் அனுராதபுரம் அடைந்தவர், நண்பகல் வெயில் தணிய ஆறிச் சென்றாலும் அந்திக்குள் யாழ்ப்பாணம் காணலாம். மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகம் போதும். சூடேறிய ரேடியேற்றரின் மூடியை உடனே திறத்தல் ஆகாது. கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும். ஆதலின் ஊர் சேர்ந்ததும் வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவுக.

பழைய வண்டியை ஓட்டுபவர், தம் வண்டியால் இயலாதது எது என்பதை அறிந்து, அதனைக் கேளாத பாதையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். மலையை விலக்கி, இருளை விலக்கி, வெள்ளத்தை விலக்கிச் செல்பவர்க்குப் புத்தளக் கரையோர வீதி நல்ல துணையாகும்.