பாட்டால் நின்ற படை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் திரைப்படத்தைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணலாம். அதிலும் பாட்டும் ஆட்டமும் நிறைந்த படத்தைப் பற்றியா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். முகம் சுளிக்கும் அன்பர்களை எண்ணியே இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டோம்.

பாட்டுப் படத்தை விரும்பாதார் கூறும் குறை புதிதன்று. “அழுதுகொண்டிருந்தவள் திடீரெனப் பாடுகிறாள், ஓடிக்கொண்டிருந்தவன் நின்று பாடுகிறான், கதை அவ்விடத்திலேயே படுத்துவிடுகிறது” என்பர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. 1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்த நாள்தொட்டு நம் தமிழ்ப் படங்கள் பாட்டை வாரி இறைத்தன. பாட்டுக்காகவே கதை என்ற நிலையும் அக்காலத்தில் இருந்தது. அந்நிலைக்கு மாறாக, ஒரு பாட்டும் இல்லாத ‘அந்த நாள்’ 1954-இல் வந்தது. அதை இயக்கியவர் யார்? வீணையில் தனிப்பெரும் புகழ் பெற்ற எஸ். பாலசந்தர். இசையின் அருமை அறிந்தவரே, இக்கதைக்குப் பாட்டு வேண்டா என்று விலக்கினார். ஆகவே, ஒரு படத்தில் எத்தனை பாட்டு என்று எண்ணுவதை விட்டு, ஒவ்வொரு பாட்டும் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதே முறையாகும்.

வேலை செய்யும் பாட்டுக்கு நம்மவர் கதையிலேயே சான்று உண்டு. கம்பர் மகன் அம்பிகாபதி, சிற்றின்பம் கலவாத நூறு பாடல்களைப் பாடி முடித்தால் உயிர் பிழைப்பான். அமராவதி காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிடுகிறாள். நூறு முடிந்ததென்று அவள் தலைகாட்ட, அவன் அவளைப் பாடி உயிரிழக்கிறான். அங்கே ஒரு பாட்டின் கணக்கே ஓர் உயிரின் விலை. இக்கதையை எல்லிஸ் ஆர். டங்கன் இயக்க, தியாகராஜ பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’ 1937-இல் வெளியாயிற்று. அது உருவான இடம் சென்னையன்று. இக்கொல்கத்தாவின் ஈஸ்ட் இந்தியா படப்பிடிப்பு நிலையமே.

அதே நகரில் 1969-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது சத்யஜித் ராயின் ‘கூபி காயின் பாகா பாயின்’. பாடகன் கூபி, கொட்டுக்காரன் பாகா என்பது பெயரின் பொருள். ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர், தாம் நடத்திய ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழில் 1915-இல் எழுதிய கதை அது. ‘பதேர் பாஞ்சாலி’ தந்த இயக்குநர் பேய்க் கதை எடுக்கிறாரே என்று வியந்தோர் உண்டு. பாடல்களை எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயே. கூபிக்குக் குரல் தந்தவர் அனூப் கோஷால்.

கதை எளியது. கூபிக்குப் பாட்டில் ஆசை மிகுதி. குரலோ கேட்கத் தகாதது. அரசன் அவனைக் கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டு விரட்டுகிறான். கொட்டத் தெரியாமல் கொட்டிய பாகாவுக்கும் அதே கதி. இருவரும் காட்டில் சந்திக்கின்றனர். பேய்களின் அரசன் மூன்று வரம் அருள்கிறான்: நினைத்த உணவும் உடையும், நினைத்த இடம் சேர்க்கும் காலணி, கேட்டவரை அசையாமல் நிறுத்தும் இசை. இம்மூன்றாம் வரத்திலேதான் ராயின் நுட்பம் விளங்குகிறது. “நடுவே ஏன் பாடுகிறார்கள்?” என்று கேட்க இப்படத்தில் இடமே இல்லை. பாடாவிட்டால் இவர்கள் வெறும் இரண்டு நாட்டுப்புறத்தார். பாடினால் அரண்மனையே அசையாது நிற்கும். பாட்டை வெட்டினால் கதை விழுந்துவிடும்.

பாட்டுப் படம் வேண்டா என்பார்க்கு நாம் மூன்று இடங்களைக் காட்டுவோம்.

முதலாவது, பேய்களின் ஆட்டம். ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் அதில் ஒரு சொல்லும் இல்லை. அரசர், குடியானவர், வெள்ளையர், பருத்த உடலினர் என நால்வகைப் பேய்கள் ஆடுகின்றன. அவற்றுக்கு ராய் தேர்ந்த இசை எது? நம் தாளவாத்தியக் கச்சேரி! மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங் ஆகிய நான்கும் அந்த வங்கக் காட்டில் முழங்குகின்றன. பேய்கள் தம் வகைக்குள்ளேயே சண்டையிட்டு மடிந்து, பின் நான்கு அடுக்காக ஒருங்கே ஆடுகின்றன. மனிதர் கற்க வேண்டியதைப் பேய்கள் தாளத்தால் கற்பிக்கின்றன.

இரண்டாவது, சுண்டி நாட்டின் இசைப்போட்டி. பெரும் வித்துவான்கள் பாடிய அவையில் இவ்விருவரும் வருகின்றனர். எமக்கு எம் மொழியன்றி வேறு மொழி தெரியாது, ஆயினும் சுரத்தின் மொழி தெரியும் என்ற கருத்துப்படக் கூபி பாடுகிறான். பிறமொழி நாட்டில் வந்து நின்று தன் மொழியில் பாடுபவனின் நெஞ்சை நம்மைவிட அறிந்தவர் யார்?

மூன்றாவது, ஹல்லா நாட்டுப் படை. பசியால் வாடிய வீரரை அமைச்சன் போருக்கு ஏவுகிறான். கூபி பாடுகிறான், படை அசையாது நிற்கிறது. வானிலிருந்து இனிப்பு நிறைந்த மண்சட்டிகள் இறங்குகின்றன. வீரர் போரை மறந்து சட்டியை நோக்கி ஓடுகின்றனர். 1962-இலும் 1965-இலும் போர் கண்ட நாட்டில், 1966-இல் உணவுக் கிளர்ச்சி கண்ட மாநிலத்தில், இக்காட்சியைச் சிறுவர் விளையாட்டென்று மட்டும் எவர் தள்ளுவர்? படைவீரனுக்கும் பசி உண்டு. பசித்தவனுக்குப் பகைவன் வேண்டா, சோறு வேண்டும். ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் இவ்வுண்மையை ஒரு பாட்டு நிலைநாட்டுகிறது.

குறையே இல்லையா? உண்டு. மாயக் காட்சிகள் இன்றைய கண்ணுக்கு எளியனவாகத் தோன்றும். பொருள் முடையால் படம் கறுப்பு வெள்ளையிலே ஓடி, முடிவில் மட்டும் வண்ணம் பெறுகிறது. ஆயினும் இந்திய அரசின் சிறந்த படத்துக்கான விருதையும் இயக்கத்துக்கான விருதையும் அது பெற்றது. இவற்றினும் பெரிது, வங்க வீடுகளில் குழந்தைகள் அப்பாட்டுகளை இன்றும் பாடுவது.

அன்பர்களே! லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழ்ந்த நம் முன்னோர் இந்நகருக்குத் தமிழிசையைக் கொண்டுவந்தனர். நம் பேரப்பிள்ளைகள் வங்கப் பாட்டை வீட்டுக்குள் கொண்டுவருகின்றனர். பிள்ளை நம்மை விட்டுப் போகிறதே என்று தாத்தா வருந்துகிறார். தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லையே என்று பிள்ளை விலகுகிறது. இவ்வருத்தம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. இருவரும் ஒருநாள் இப்படத்தின்முன் ஒன்றாக அமரட்டும். பாட்டின் பொருளைப் பிள்ளை தாத்தாவுக்குச் சொல்லட்டும். பேய்கள் ஆடும்போது, “இது கடம், இது கஞ்சிரா” என்று தாத்தா பிள்ளைக்குச் சொல்லட்டும். பாட்டுப் படம் பிடிக்காத தாத்தாவாயினும் அந்த ஆறு நிமிடம் தொடையில் தாளம் போடாமல் இரார் என்பது நம் துணிபு.