எடை இறங்கியது, பலமும் இறங்கியது

(கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் அல்ல. 1971ல் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசுப் பணியில் ஃபைல்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். வயது 74. ஆகவே இதை வைத்திய உபதேசமாகக் கொள்ளாமல், ஒருவன் பட்டுத் தெரிந்துகொண்ட சமாசாரமாகக் கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டது. "எடையைக் குறையுங்கள்" என்றார் டாக்டர். உத்தரவு வந்தால் நிறைவேற்றுவதுதானே நமக்குப் பழக்கம்! காலையில் 5 கிலோமீட்டர் நடை. ராத்திரி வெறும் கஞ்சி. ஒரே வருஷத்தில் 67 கிலோவிலிருந்து 60க்கு இறங்கினேன். கூட நடக்கும் நண்பர்கள் "பேஷ்!" என்றார்கள்.

பிறகு உறவில் ஒரு கல்யாணம். தரையில் பந்திப்பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். ஆசையாக உட்கார்ந்து சாப்பிட்டேன். மோர் சாதம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளையும் இன்னொரு பையனும் தூக்கிவிட்டார்கள். எச்சில் கையோடு நான் பட்ட லஜ்ஜை எனக்குத்தான் தெரியும்.

ஊர் திரும்பியதும் டாக்டர் ஒரு பரீட்சை வைத்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். எனக்கு 19 விநாடி ஆயிற்று. ஆசிய நிபுணர்களின் 2019ஆம் வருஷ வழிகாட்டுதலின்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் எச்சரிக்கை. 7 கிலோ குறைந்தும் என் இடுப்புச் சுற்றளவு ஓர் அங்குலம்தான் குறைந்திருந்தது. "கொழுப்பு மட்டும் போகவில்லை, தசையும் சேர்ந்து போயிருக்கிறது" என்றார். தராசு எடையைச் சொல்லும். போனது எது என்று சொல்லாது.

இதில் இந்தியர்களுக்குத் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. 2004ல் 'லான்செட்' பத்திரிகையில் இரு விஞ்ஞானிகளின் படம் வந்தது. ஒருவர் புனே டாக்டர் யாஜ்னிக், மற்றவர் லண்டன் டாக்டர் யூட்கின். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் கொழுப்பு மிகுந்த சரீரம் நம்மில் பலருக்கு.

இனி ஹார்மோன்களைப் பார்ப்போம். இன்சுலினை ஒரு கஜானா அதிகாரியாக வைத்துக்கொள்ளுங்கள். சாதம் சாப்பிட்டதும் சர்க்கரையைச் சேமிப்புக்கு அனுப்புவார். அவர் ஆசனத்தில் இருக்கும்வரை கொழுப்புக் கிடங்கிலிருந்து பட்டுவாடா சொற்பம்தான். சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்ளும் இடம் தசை. அது சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளே இழுக்கும். ஆகவே தசை குறைந்தால் சர்க்கரை நோய்க்கு வழி திறக்கும். நான் சர்க்கரைக்குப் பயந்து, சர்க்கரையை அடக்கும் தசையையே இழந்திருக்கிறேன்!

தசையைக் கட்டும் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு வயதாக ஆகக் குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, கொழுப்பு வயிற்றில் சேர்கிறது. தூக்கமின்மையும் ஓயாத கவலையும் கார்டிசோலை ஏற்றிவிட, அது தசையைக் கரைத்துச் சர்க்கரையாக்குகிறது. இதற்காக ஹார்மோன் ஊசியைத் தேடிப் போக வேண்டாம். நம் கையில் இருப்பவை ஆகாரமும் அப்பியாசமும்.

ஆகாரத்துக்கு ஒரு நாள் பேப்பரும் பென்சிலுமாகக் கணக்குப் போட்டேன். மூன்று இட்லி, சாதம், சாம்பார், தயிர், இரண்டு வேளை காபி, ராத்திரி கஞ்சி. எல்லாம் கூட்டியும் புரதம் சுமார் 35 கிராம். ஐ.சி.எம்.ஆரின் 2020ஆம் வருஷப் பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ சரீரத்துக்கு 50 கிராம். முதியவர்களுக்கு 60 கிராமாவது வேண்டும் என்பது பல நிபுணர்களின் கருத்து. அதனால் கஞ்சிக்குப் பதில் பருப்பு தாராளமாகப் போட்ட இரண்டு அடை, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் பால் கூடுதல். கணக்கு 60ஐத் தொட்டது. சைவ ஆகாரத்தை விட வேண்டியதே இல்லை. அரிசியில் குறைவதைப் பருப்பு ஈடுசெய்கிறது, பருப்பில் குறைவதை அரிசி ஈடுசெய்கிறது. ஏகாதசி உபவாசத்தைக் குறை சொல்லவில்லை. மாதம் இரண்டு நாள் உபவாசம் வேறு, தினசரி அரைப்பட்டினி வேறு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தாங்கள் ரசம் சாதத்தோடு முடித்துக்கொள்ளும் மாமிமார்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அப்பியாசத்துக்கு நடை நல்லதுதான், ஆனால் போதாது. தசைக்குப் பாரம் வேண்டும். வாரத்தில் மூன்று நாள், நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குதல். சுலபமானதும் எண்ணிக்கையையோ பாரத்தையோ கூட்ட வேண்டும். மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டபின் ஆரம்பிக்கவும்.

"இந்த வயதிலா?" என்பீர்கள். 1990ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேருக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

என் தமையனார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர், பிறகு படுக்கையை விட்டு எழவேயில்லை. வழுக்குத் தரையைத்தான் அன்று குறை சொன்னோம். மெலிந்துபோயிருந்த அவர் கால்களை யாரும் கவனிக்கவில்லை. "எவ்வளவு ஒல்லியாக, ஆரோக்கியமாக இருக்கிறார்!" என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்று என் எடை 62 கிலோ. இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. இடுப்போ இன்னும் ஓர் அங்குலம் குறைந்திருக்கிறது. நாற்காலிப் பரீட்சையில் 11 விநாடி. தரையிலிருந்து ஒரு கையை ஊன்றி நானே எழுந்துவிடுகிறேன். ஊன்றாமல் எழ இன்னும் வரவில்லை.

வீட்டுக்குப் போனதும், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து பாருங்கள். அடுத்த கூட்டத்தில் எத்தனை விநாடி என்று உங்களைக் கேட்பேன்.