எல்லா மேட்சும் ஜெயிச்சும் அஞ்சாவது இடம்

நூறுக்கும் மேல டீம் இருக்கிற ஒரு லீக். அதுல சீசன் முழுக்க ஒரு மேட்ச்கூட தோற்காத டீம் ஒண்ணே ஒண்ணுதான். 13 ஆடி 13-லயும் ஜெயிச்சிருக்காங்க. ஆனா சீசன் முடிஞ்சு பட்டியல் வந்தப்போ அவங்களுக்குக் கிடைச்சது அஞ்சாவது இடம். கோப்பை, ஒரு மேட்ச் தோத்த இன்னொரு டீமுக்குப் போச்சு.

இது 2006 சீசன்ல அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்ல நடந்தது. டீம் பேரு பாய்ஸி ஸ்டேட்.

ஐடஹோங்கிற மாநிலத்தோட தலைநகரம் பாய்ஸி. அந்த ஊர் வண்டிகளோட நம்பர் பிளேட்லயே உருளைக்கிழங்குப் பெருமைதான் எழுதியிருக்கும். 1996-லதான் இந்தக் காலேஜ் டீம் உச்ச டிவிஷனுக்குள்ளேயே வந்தாங்க. அவங்க மைதானத்துல புல் பச்சை இல்ல, பளிச்சுனு நீலம். 1986-லேர்ந்து அப்படித்தான். டிவில முதல் தடவை பார்க்கிறவங்க கலர் செட்டிங் கெட்டுப் போச்சோன்னு ரிமோட்டைத் தேடுவாங்க. பெரிய காலேஜ்காரங்களுக்கு இவங்க ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

சரி, எல்லாம் ஜெயிச்சவங்களுக்கு ஏன் கோப்பை இல்ல? ஐபிஎல்ல நெட் ரன் ரேட்னு எவ்வளவு தலைவலி இருந்தாலும், கடைசியா பிளேஆஃப்னு ஒண்ணு இருக்கும், ஆடித்தான் தீர்மானிப்பாங்க. அங்க அப்போ பிளேஆஃப் கிடையாது. 1998-லேர்ந்து பி.சி.எஸ்.னு ஒரு முறை. ரெண்டு ஓட்டெடுப்பு, அதுல ஒண்ணுல ஓட்டுப் போடுறது கோச்சுகளே. கூடவே சில கம்ப்யூட்டர் கணக்குகள். எல்லாத்தையும் சேர்த்து ஒரு ரேங்க் பட்டியல். அதுல முதல் ரெண்டு இடத்துல இருக்கிறவங்க மட்டும் ஃபைனல் ஆடுவாங்க.

சின்ன டீமுக்கு எதிரா எப்பவும் சொல்ற வாதம்: "நீங்க ஜெயிச்சதெல்லாம் யாரை?" கேள்வி நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஒரு டீமோட மேட்ச்சுகள்ல பெரும்பகுதி அவங்க கான்ஃபரன்ஸுக்குள்ளேயே முடிஞ்சுரும். பெரிய கான்ஃபரன்ஸ் உங்களைச் சேர்த்துக்காது. பெரிய டீம் உங்க ஊருக்கு வந்து ஆடாது, ஜெயிச்சா பேர் இல்ல, தோத்தா மானம் போகும். அப்புறம் "பெரிய டீமோட ஆடலையே"ன்னு உங்களையே கேட்பாங்க. வேலை கிடைக்க அனுபவம் வேணும், அனுபவத்துக்கு வேலை வேணும்ங்கிற கதைதான்.

2004-லயே பாய்ஸி ஸ்டேட் வழக்கமான சீசனை 11-க்கு 11 முடிச்சாங்க. பெரிய பவுல் மேட்ச் எதுக்கும் கூப்பிடல. பவுல்னா சீசன் முடிவுல நடக்கிற கௌரவ மேட்ச்னு வெச்சுக்கோங்க. 2006-ல விதியைக் கொஞ்சம் தளர்த்தினாங்க. சின்ன கான்ஃபரன்ஸ் சாம்பியன் முதல் 12 ரேங்குக்குள்ள வந்தா ஒரு பெரிய பவுல் உறுதி.

அந்த வருஷம் கிறிஸ் பீட்டர்சன் முதல் தடவையா ஹெட் கோச். ஆரிகன் ஸ்டேட்டை 42-14-னு அடிச்சாங்க. யூட்டாவை அவங்க ஊர்லயே 36-3. சான் ஹோசே ஸ்டேட்கிட்ட மட்டும் உயிர் போய் உயிர் வந்தது, கடைசி நொடி ஃபீல்டு கோல்ல 23-20. மொத்தம் 12-க்கு 12. ஃபியஸ்டா பவுலுக்கு அழைப்பு வந்தது. எதிர்ல ஓக்லஹோமா. பரம்பரைப் பணக்கார டீம், ஏட்ரியன் பீட்டர்சன் மாதிரி ஆள் ஓடுற டீம்.

2007 ஜனவரி 1, அரிசோனாவுல கிளெண்டேல். மூணாவது குவார்ட்டர்ல பாய்ஸி 28-10 முன்னிலை. அதுக்கப்புறம் ஓக்லஹோமா துரத்த ஆரம்பிச்சாங்க. ஒண்ணரை நிமிஷம்கூட மிச்சமில்லாதப்போ 28-28. அடுத்த பந்துலயே பாய்ஸி குவார்ட்டர்பேக் ஜாரெட் ஜப்ரான்ஸ்கி வீசினதை எதிராளி பிடிச்சு, நேரா ஓடிப்போய் டச்டவுன். 35-28. ஊர்ல பாதிப் பேர் டிவியை அணைச்சிருப்பாங்க.

18 நொடி மிச்சம். 10 யார்டு நகர நாலு வாய்ப்பு கொடுப்பாங்க, பின்னாடி தள்ளப்பட்டா தூரம் கூடும். இவங்களுக்கு நாலாவது வாய்ப்புல 18 யார்டு வேணும். மைதானத்தோட நட்டநடுவுல நிக்கிறாங்க. ஜப்ரான்ஸ்கி டிரிசான் ஜேம்ஸுக்கு வீசினார். ஜேம்ஸ் பிடிச்சு, எல்லாரும் அவரை நோக்கிப் பாயறப்போ, எதிர்த்திசையில குறுக்கே ஓடிவந்த ஜெரார்ட் ராப் கையில பந்தைத் தள்ளிவிட்டார். ராப் அப்படியே ஓடி டச்டவுன். மிச்சம் 7 நொடி. 35-35.

ஓவர்டைம். முதல் பந்துலயே ஏட்ரியன் பீட்டர்சன் 25 யார்டும் ஓடி டச்டவுன். 42-35. பாய்ஸிக்கு மறுபடியும் நாலாவது வாய்ப்பு. இந்தத் தடவை பந்து குவார்ட்டர்பேக் கைக்கே போகல. வின்னி பெரெட்டாங்கிற ரிசீவர் வாங்கி, அவரே வீசி, டெரெக் ஷவுமன் பிடிச்சார். 42-41.

இங்க ஒரு உதை உதைச்சா ஒரு பாயின்ட், சமன், ஆட்டம் தொடரும். பீட்டர்சன் ரெண்டு பாயின்ட் முயற்சி பண்றதுன்னு முடிவு எடுத்தார். ஒரே ஆட்டம், வந்தா வெற்றி, இல்லாட்டி தோல்வி. ஆட்டம் நீண்டா பெரிய டீமோட உடல்பலம்தான் ஜெயிக்கும்னு நான் நினைக்கிறேன். அதனால இதைச் சூதாட்டம்னு சொல்ல மாட்டேன், சரியான கணக்கு.

ஜப்ரான்ஸ்கி பின்வாங்கி, வலது பக்கம் மூணு பேர் நிக்கிற திசையில வலது கையால வீசுறார். கை மட்டும்தான் வருது, பந்து வரல. பந்து இடது கையில முதுகுக்குப் பின்னாடி. இயன் ஜான்சன் அதை வாங்கிட்டு ஆளே இல்லாத இடது பக்கம் ஓடிட்டார். 43-42. "சுதந்திர தேவி சிலை"ன்னு இந்த உத்திக்குப் பேர், அரதப்பழசு. ஜான்சன் அந்த மூச்சு வாங்குறப்பவே, நேரலையில, சியர்லீடரா இருந்த காதலிகிட்ட மண்டியிட்டு "கல்யாணம் பண்ணிக்கிறியா"ன்னு கேட்டார். அவங்களும் சரின்னாங்க. நம்ம டைரக்டர்கள் எழுதினா ஓவர்னு சொல்வோம்.

ஒரு வாரம் கழிச்சு ஃபைனல். தோற்காத இன்னொரு டீமான ஓஹையோ ஸ்டேட்டை ஃபுளோரிடா 41-14-னு நொறுக்கினாங்க. இப்போ தோற்காதது பாய்ஸி மட்டும்தான். ஏ.பி. ஓட்டெடுப்புல அஞ்சாவது இடம். ஃபுளோரிடாவை இவங்க ஜெயிச்சிருப்பாங்களான்னா, எனக்குச் சந்தேகம்தான். ஆனா அதைத் தெரிஞ்சுக்கிற வழி இருந்தது, ஒரு மேட்ச். அதை வைக்கல.

ரெண்டு வருஷம் கழிச்சு யூட்டாவுக்கும் இதே கதை. 13-க்கு 13, அலபாமாவையே தோற்கடிச்சும் கோப்பை இல்ல. விஷயம் செனட் விசாரணை வரைக்கும் போச்சு. பிளேஆஃப் வந்தது 2014 சீசன்ல, அதுவும் நாலே டீமுக்கு. 2024-ல 12 ஆக்கினப்போதான் சின்ன கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கும் உறுதியான வழி திறந்தது. அந்த முதல் வருஷமே பாய்ஸி ஸ்டேட் உள்ள வந்தாங்க. அதே கிளெண்டேல், அதே ஃபியஸ்டா பவுல். பென் ஸ்டேட்கிட்ட 31-14 தோத்துட்டாங்க.

அந்த 2007 மேட்ச்சோட கடைசி நிமிஷங்களை யூடியூப்ல தேடிப் பாருங்க. கடைசி ஆட்டத்தை ரெண்டு தடவை பார்க்கணும். முதல் தடவை கேமராவே ஏமாந்துரும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.