கண்ணால் காணும் பஞ்சாங்கம்

துர்கா பூஜை நாள்களில் கொல்கத்தா மக்கள் மிகவும் கருத்தோடு நேரம் பார்த்துச் செய்யும் வழிபாடு சந்தி பூஜை. அஷ்டமியின் கடைசி நாழிகையும் நவமியின் முதல் நாழிகையும் சேர்ந்த 48 நிமிஷங்களே அதற்கு உரிய காலம். ஆயின், அக்காலம் எது என்பதில்தான் வழக்கு. குப்தா பிரஸ் பஞ்சிகை ஒரு நேரம் கூறும். விசுத்த சித்தாந்தப் பஞ்சிகை வேறொரு நேரம் கூறும். நம் வீடுகளில் வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே நிகழும் வழக்கும் இத்தகையதே. இவ்வழக்கில் சாட்சி சொல்ல வல்லவன் ஒருவன் உண்டு. அவன் வானத்துச் சந்திரன்.

திதி என்பது ஏட்டில் மட்டும் உள்ள பொருள் அன்று. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகிச் செல்லும் காலமே ஒரு திதி. வளர்பிறையில் இடைவெளி 90 பாகை ஆகும்போது, கத்தியால் வெட்டியது போன்ற அரைச் சந்திரனைக் காண்கிறோம். அதுவே அஷ்டமியின் நடுப்பொழுது. 96 பாகை ஆனதும் நவமி பிறக்கிறது.

அவ்வாறாயின் கணக்குகள் வேறுபடுவானேன்? பழைய கணக்குகள் கிரகணங்களோடு, அதாவது பௌர்ணமி, அமாவாசைகளோடு, ஒத்துப் பார்க்கப்பட்டவை. சந்திரனைப் பூமி மட்டுமன்றிச் சூரியனும் இழுக்கிறது. அதனால் விளையும் பிறழ்ச்சி பௌர்ணமி, அமாவாசைகளில் பெரிதாகத் தோன்றாது. அரைச் சந்திரனை ஒட்டியே மிகுதியாக வெளிப்படும். ஆகவே அஷ்டமியில் சில மணி நேர வேற்றுமை எழுவதில் வியப்பில்லை.

இதனைக் கருவிகளின் பெருமையால் அன்றி, வெறுங்கண்ணால் கண்டறிந்தவர் ஒடிசாவின் கண்டபாராவைச் சேர்ந்த சாமந்த சந்திரசேகரர் (1835–1904). மூங்கிலும் மரக்கோலும் கொண்டு தாமே அமைத்த கருவிகளால் இரவுதோறும் அளந்து, சந்திரனின் நடையில் பழைய நூல்கள் விட்டுவிட்ட மாறுதல்களைக் கண்டார். அவர் வடமொழியில் இயற்றிய ‘சித்தாந்த தர்ப்பணம்’ 1899இல் கொல்கத்தாவில் அச்சாயிற்று. சென்னை வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியாரும், 1890இல் விசுத்த சித்தாந்தப் பஞ்சிகையைத் தொடங்கிய மாதவ சந்திர சட்டோபாத்யாயரும் வேண்டியது ஒன்றே: கணக்கு வானத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். திருக்கணிதம் என்னும் சொல்லின் பொருளும் அதுவே. ‘த்ருக்’ என்றால் பார்வை.

1952இல் மேகநாத் சாஹாவின் தலைமையில் அரசு அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை அளித்தது. அவ்வாண்டே கொல்கத்தாவின் அலிப்பூரில் கோள்நிலைகளைக் கணிக்கும் பிரிவு ஒன்று தோன்றிற்று. அதன் வழிவந்த நிலையம் இன்று சால்ட் லேக்கில் உள்ளது. அங்கே கணிக்கப்படும் ‘ராஷ்டிரீய பஞ்சாங்கம்’ தமிழிலும் வெளிவருகிறது.

எனினும், அச்சிட்ட ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பாராதிருத்தல் முறையாகாது. மழைக்காலம் கழிந்த மாலையில் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். நகரத்து விளக்கொளியும் புகையும் சிறு விண்மீன்களை மறைத்துவிடும். சந்திரனையும் பெரிய கோள்களையும் மறைக்க அவற்றால் இயலாது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சந்திரன் நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை கிழக்கே நகர்கிறது. மணிக்கு ஏறத்தாழத் தன் விட்டத்தின் அளவு. ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகியவற்றின் ஒளிமிக்க மீன்களுள் ஒன்றன் அருகே அது வரும் இரவில், இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்தால் அந்நகர்வைக் கண்ணாரக் காணலாம்.

கோள்களுக்கும் இம்முறை பொருந்தும். விண்மீனைப் போல் அதிகம் மினுக்காது அமைதியாக ஒளிர்வது கோள். சனி கும்பத்தில் புகுந்த நாள் திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி அவ்வாண்டு டிசம்பர் 20. ராசியின் எல்லை மனிதர் வகுத்தது. அதனை வானில் கோடிட்டுக் காட்ட இயலாது. ஆனால், சனி எந்த மீனுக்கு எத்தனை பாகை தொலைவில் நிற்கிறது என்பதை அளந்து, ஏடு கூறும் இடத்தோடு ஒப்பிட எவராலும் முடியும். மாதம் ஒருமுறை அவ்விடத்தைக் குறிப்பேட்டில் வரைந்து தேதியிட்டு வாருங்கள். ஓராண்டில், உங்கள் வீட்டுப் பஞ்சாங்கம் எந்த அளவு வானத்தை ஒத்துள்ளது என்பதை எவர் வாய்ச்சொல்லையும் நம்பாது நீங்களே கூறலாம்.