பட்டமும் சூத்திரமும்



பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரம் கிடக்கிறது. அப்பகுதி கடலாயிருந்த காலத்தில் சேற்றில் புதைந்து, கல்லாய்ச் சமைந்த மரம். நீளம் 18 மீட்டர். 1940-ஆம் ஆண்டில் புவியியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்தார். இன்று வேலியிட்டுக் காக்கின்றனர். அதைக் காணுந்தோறும் எனக்குப் பட்டத்தின் நினைவு எழும். கல்லுக்கும் காகிதத்திற்கும் என்ன உறவு என்று நகைக்காதீர்கள். கல்லைக் காக்க வேலி போதும். ஒரு மழைக்குத் தாங்காத பொருளை எவ்வாறு காப்பது?

ஆடி மாதத்தில் எங்கள் கரிசற்காடு பருத்தி விதைப்பை எதிர்நோக்கி வெறுமையாய்க் கிடக்கும். தென்னை ஈர்க்கு, பழைய செய்தித்தாள், சோற்றுப் பருக்கை, வாலுக்கு வேட்டிக் கிழிசல். பட்டத்திற்கு இவ்வளவே முதல். அருமையெல்லாம் 'சூத்திரம்' கட்டுவதில் இருந்தது. பட்டத்தின் முதுகெலும்பில் இருமுனை நூலை முடிந்து, பறக்கவிடும் நூலை அதில் பிணைக்கும் இடம் அது. ஒரு விரல் தவறினாலும் பட்டம் தலைகுப்புற வீழும். என் தாய்மாமன் அதைக் கண்ணளவிலேயே கட்டுவார். நான் கற்றுக்கொள்ளவில்லை. அவர் கட்டிய கடைசிப் பட்டம் அரியலூர்ச் சாலையோரப் பனையில் சிக்கி மழையில் கரைந்தது. அவரும் போய்விட்டார்.

பட்டங்களைச் சேர்த்துக் காத்தவர்கள் உண்டு. ஆமதாபாத்தில் பானுபாய் ஷா என்பவர் பல்லாண்டுகள் சேர்த்த பட்டங்களை நகராட்சிக்கு வழங்க, அங்கு ஒரு காட்சிசாலை அமைந்தது. தோக்கியோவில் உணவு விடுதி உரிமையாளர் ஒருவர் 1977-இல் அவ்வாறே செய்தார். இவை போற்றத்தக்கவையே. ஆயினும் கண்ணாடிப் பெட்டியிலுள்ள பட்டத்தைக் காற்று தொடுவதில்லை.

என் குரலை உங்களிடம் சேர்க்கும் இவ்வானொலியும் பட்டத்திற்குக் கடன்பட்டது. 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி நியூபவுண்டுலாந்துக் குன்றொன்றில் நின்று, வானலைக் கம்பியைப் பட்டத்தில் கட்டி உயர்த்தினார். முதற்பட்டத்தைக் காற்று பறித்துச் சென்றது. இன்னொன்றை ஏற்றி, அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று புள்ளி ஒலிகளைக் கேட்டதாக அறிவித்தார்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையினரின் வழி வேறு. தைப்பொங்கலன்று கடற்கரையில் பட்டப்போட்டி நடத்துகின்றனர். நமது சூத்திரம் அவர்களுக்கு 'முச்சை'. கொக்கு, பருந்து, எட்டுமூலை என உருவங்கள் பல. 'விண்' என்னும் நார் பூட்டிய பட்டம் காற்றில் ரீங்கரிக்கும். ஆண்டுதோறும் புதியன செய்கின்றனர். பட்டம் அழிந்தாலும் கைப்பழக்கம் அழிவதில்லை.

சென்ற ஆடியில், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பட்டத்துடன் என் மருமகன் மகன் வந்தான். இருவரும் அமர்ந்து ஈர்க்கு சீவினோம். மூன்று முறை வீழ்ந்தது. நான்காம் முறை முடிச்சைச் சற்றே மேலேற்றினான், பட்டம் எழுந்தது. இறக்கியதும் அளவுகோல் கொண்டுவரச் சொல்லி, முடிச்சின் இடத்தை அவன் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தோம்.