முன்யோசனையும் பிரீசரும்

புதுச்சத்திர வட்டாரத்தில் பங்குனி வெயிலில் வடகமும் வற்றலும் உலர்த்தி, ஆண்டுக்குரிய பருப்பையும் புளியையும் சேமித்துவைக்கும் தாய்மார்களின் முன்யோசனையே பிரீசர் உபயோகத்துக்கும் அஸ்திவாரமாகும். வாரத்தின் ஆகாரத்தை முதலில் எழுதி, வீட்டில் இருப்பவற்றைக் கழித்து, எஞ்சியதை மட்டும் சந்தையில் வாங்குவது விவேகம். கொள்ளு, தட்டைப்பயறு, தக்காளித் தொக்கு முதலியவற்றை ஒரே நாளில் சமைத்து, ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஒருவேளைக்குரிய சிறு பாத்திரங்களில் பகிர்ந்து, தேதியிட்டு, மைனஸ் 18 டிகிரிக் குளிரில் வைத்தல் வேண்டும். அக்குளிரில் கிருமிகள் பெரும்பாலும் மடிவதில்லை, வளர்ச்சி மட்டுமே நிற்கிறது. ஆதலால் எடுத்ததை நன்றாகக் கொதிக்கவைத்தே உண்ண வேண்டும். நாமக்கல் முட்டையை ஓட்டோடு உறையவைக்கலாகாது; உள்ளிருப்பது விரிந்து ஓடு வெடிக்கும். இந்த ஒருநாள் உழைப்பில் ஆடவரும் பங்கேற்றால், மற்ற மாலைகளில் தாய்மாருக்கு ஓய்வு கிட்டும். அதுவே குடும்பத்துக்கு க்ஷேமம்.