இறங்குதுறையில் கேட்க வேண்டிய கேள்வி



யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று ஓடி, குறிகாட்டுவானில் பஸ் நின்றுவிடும். அதற்கு அப்பால் கடல். நயினாதீவுக்கு ஒரு படகு, நெடுந்தீவுக்கு இன்னொன்று. நெடுந்தீவுப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டும். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சைக்கிள் எல்லாம் சனங்களோடு சேர்ந்தே ஏறும். துறையில் ஒரு புதுமுகம் தெரிந்தால் "ஆற்றை ஆள்?" என்று கேட்க நாலு பேராவது நிற்பார்கள். விடுப்புக் கேட்பது தீவாருக்குக் கைவந்த கலை என்று நேயர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் பிள்ளைகளைக் கொண்டுபோய் விற்கிறவர்களுக்கு அந்த விடுப்பைப் போலத் தொல்லை வேறில்லை.

சிக்கல் என்னவென்றால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவர் தெரிந்தவராக இருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கடத்தல் என்றதும் ஆட்களைத் தூக்கிப்போன வெள்ளை வான்தான் பலருக்கு நினைவு வரும். இந்த மண்ணில் அதற்குக் காரணமும் உண்டு. சிறுவரை வேலைக்கும் வேறு கொடுமைகளுக்கும் கொண்டுபோகிறவர் பெரும்பாலும் வானில் வருவதில்லை. ஒரு பிஸ்கட் பெட்டியோடு வீட்டு முற்றத்துக்கு வருகிறார். "பிள்ளை எங்கடை வீட்டிலை நிண்டு படிக்கட்டும், மாமி. எங்கடை சின்னவனுக்கும் ஒரு துணை" என்கிறார். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாத வீட்டில், நாலு பிள்ளைகளோடு நிற்கிற தாய்க்கு இதைவிட நல்ல சேதி என்ன இருக்கிறது? எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்றில்லை. உறவுக்காரர் வீட்டில் நின்று படித்து டொக்டரானவர்களும் தீவகத்தில் உண்டு. ஆனால் மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்து இடாப்பில் இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா?

மூதூர் ரிசானா நபீக்கின் கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். 1988 பெப்ரவரியில் பிறந்தவள். விறகு வெட்டிப் பிழைத்த ஏழைக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 2005 மே மாதம் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டபோது வயது 17. கடவுச்சீட்டிலோ பிறந்த ஆண்டு 1982. ஒரு பேனாக் கீறலில் ஆறு வருடம் கூடிவிட்டது. போன சில வாரங்களுக்குள், அவள் பராமரிப்பில் விடப்பட்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. குழந்தையைக் கொன்றதாக 2007இல் அவளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவள் சிறுமி என்று இலங்கையிலிருந்து பிறப்புப் பதிவைக் காட்டி வாதாடியபோது, அங்கே செல்லுபடியானது கடவுச்சீட்டில் இருந்த வயதுதான். 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. மன்றாட்டங்கள் எல்லாம் பிந்திப் போயின. யாராவது முந்தியிருக்க வேண்டியது அந்தத் தாளில் வயது மாறிய நாளில்.

வெளிநாடு போகத் தேவையில்லை, நேயர்களே. மலையகத்து டயகமவிலிருந்து கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி, 2021 ஜூலையில் தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் உயிர்விட்டாள். அதே ஆண்டில்தான் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டிருந்தது.

தீவகத்துக்கு, வயதைக் காட்டும் அந்தத் தாள் விஷயம் இன்னும் நெருக்கமானது. 1990, 91இல் ஊர்காவற்றுறையும் வேலணையும் வெறிச்சோடியபோது, உடுத்த துணியோடு ஓடியவர்கள் பிறப்புப் பத்திரத்தையா தேடினார்கள்? அன்று தொலைந்த பத்திரத்துக்காகச் சில குடும்பங்கள் வருடக்கணக்காய் அலைந்திருக்கின்றன. பத்திரம் இல்லாத பிள்ளைக்கு எந்த வயதையும் எழுதலாம். அதைத்தான் ஆள்பிடிக்கிற தரகர் விரும்புவார். ஆகையால் பிறப்புப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்து வைப்பது, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது மாதிரியான காரியம். மூலப் பத்திரத்தை "பதியிறதுக்கு வேணும்" என்று யார் கேட்டாலும் கையில் கொடுத்துவிடக் கூடாது.

சட்டம் பலவீனமாக இல்லை. 2006இல் தண்டனைச் சட்டக்கோவையில் செய்த திருத்தத்தின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கட்டாய வேலைக்கோ வேறு சுரண்டலுக்கோ கொண்டுபோவது ஆட்கடத்தல். "பிள்ளை விரும்பித்தான் வந்தது" என்ற சாட்டு எடுபடாது. தண்டனை மூன்று முதல் 20 ஆண்டுச் சிறை. ஆனால் சட்டம் தானாகப் படகேறி வராது. முதலில் தெரியவருவது வகுப்பு ரீச்சருக்கு. ஒரு பெயருக்கு எதிரே இரண்டு கிழமை வரவில்லை என்றால், "சொந்தக்காரர் வீட்டுக்குப் போட்டுதாம்" என்ற பதிலோடு இடாப்பை மூடிவிடாமல், கிராம அலுவலருக்கோ பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச செயலகம் இருக்கிறது. இதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

வானொலி நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சந்தேகம் வந்தால் 1929 என்ற இலக்கத்தை அழுத்துங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். காசு இல்லை, இரவு பகல் இல்லை, தமிழிலேயே பேசலாம். அடுத்த ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவில், தவறிப்போன பிள்ளைகளின் பெயரை வாசிக்கிற ஒலிபெருக்கி அந்த நாலு இலக்கத்தையும் இடைக்கிடை சொன்னால் நன்றாயிருக்கும். கோயில் நிர்வாகத்தார் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.